தலைகீழாகத் தொங்கிய நாவல்

பூதக்கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடுகிற மனிதரோடு சினிமாவுக்குப் போவதை அவருடைய மனைவி விட்டு வெகுகாலம் ஆகிறது. திரையில் பெயர்கள் ஓடும்போது மனிதர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். பெயர்கள் முடிந்து கதை ஆரம்பித்தால் நிம்மதியாகச் சாய்ந்து கண்ணை மூடிவிடுவார். குறட்டைச் சத்தத்துக்கு முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், பக்கத்தில் இருப்பது யாரோ தெரியாத ஆள் என்பது போல அந்த அம்மாள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பூதக்கண்ணாடி என்பது தொழில் வட்டாரம் அவருக்கு வைத்த பட்டப்பெயர். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் ஒரு உருப்பெருக்கும் கண்ணாடி வைத்திருப்பார். அச்சுக்கும் கணினிக்கும் எழுத்துரு வரைவது அவர் தொழில். சலவைக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை, அதில் ஒரு பெரிய மேஜை, இரண்டு திரை வைத்த கணினி, ஒரு அச்சுப்பொறி, சுவர் முழுக்க இழுத்துக் கட்டிய கம்பி. கம்பியில் காகிதங்கள் கிளிப் போட்டுத் தொங்கும். கீழே துணி காய்கிறது, மேலே காகிதம் காய்கிறது என்று சலவைக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்திரி ஆவி தரை வழியாக ஏறி மழைக்காலத்தில் காகிதத்தை எல்லாம் சுருட்டிவிடும்.

ஓட்டலில் சாப்பாட்டுப் பட்டியல் வந்தால் அவருக்குச் சாப்பாடு தெரியாது. "இந்த ட-வ யாரு இப்பிடி இடுப்ப ஒடிச்சு வெச்சது?" என்பார். சர்வர் முழிப்பான். மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவளிடம் ஒருநாள் ஒரு மாத்திரை அட்டையைக் காட்டி, அதிலுள்ள புள்ளிகள் மிளகு தூவின மாதிரி இருப்பதாக அரைமணி நேரம் புலம்பினார். மாத்திரை அவருக்குத்தான். அதைப் போட மறந்துவிட்டார்.

இதெல்லாம் சிரிப்புக்குச் சரி. ஆனால் உள்ளே ஒரு வருத்தம் இருந்தது, அது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். காலேஜ் நாளில் அவர் புத்தகம் என்றால் சோறு தண்ணீர் மறக்கிற ஆள். படித்துக்கொண்டே நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்ட தழும்பு இன்னும் புருவத்தில் இருக்கிறது. அந்த ஆசையில்தான் எழுத்து வரையவே வந்தார். வந்த பிறகு படிப்பு போய்விட்டது. எந்த நாவலைத் திறந்தாலும், கூத்துப் பார்க்கப் போன இடத்தில் முன்னால் உயரமான ஆள் வந்து நின்றாற்போல, கதைக்கு முன்னால் எழுத்து வந்து நின்றுகொள்ளும். ஒரு பக்கம் தாண்ட மாட்டார். புத்தகத்துக்கு எழுத்து செய்கிற மனிதன் ஒரு புத்தகத்தை முடித்துப் பல வருடங்கள் ஆகின்றன என்பதை வெளியில் எப்படிச் சொல்வது? பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், "நல்லா எழுதியிருக்காரு" என்று பொதுவாகச் சொல்லிச் சமாளித்துவிடுவார்.

அவர் வாழ்க்கையிலேயே பெரிய வேலை இப்போதுதான் கையில் இருந்தது. நாவல்கள் போடுகிற ஒரு பதிப்பாளர், நல்ல மனிதர், தொண்டைக் கட்டுக்கு ஓயாமல் மிட்டாய் சப்புகிறவர், தன் புத்தகங்களுக்கென்றே பழைய பாணியில் ஓர் எழுத்து கேட்டிருந்தார். தடித்தும் மெலிந்தும் போகிற கோடு. ன, ண, ள, துணைக்கால் இவையெல்லாம் தரையில் ஊன்றுகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம். இப்போது எங்கு பார்த்தாலும் பாதமில்லாத மொட்டை எழுத்துத்தான். கைப்பேசிக்கும் கடைப் பலகைக்கும் அது பொருந்தும், பூதக்கண்ணாடிக்கு அதில் ஒரு தகராறும் இல்லை. பலகை எழுத்து கூப்பிட வேண்டும். புத்தக எழுத்துக்கு வேலை வேறு. முந்நூறு பக்கத்துக்கு ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும், பிடித்தது அவருக்குத் தெரியவும் கூடாது. வரிசையாக நிற்கிற அந்தச் சின்னப் பாதங்கள் கண்ணுக்கு ஒரு தரையைப் போட்டுக் கொடுக்கும். கண் அதன் மேல் தடுமாறாமல் நடக்கும்.

இரண்டு வருட உழைப்பு. பாதத்தை ஒரு மயிரிழை பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் எறும்பு ஊர்ந்தது, குறைத்தால் எழுத்துகள் வழுக்கி ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. ழ-வின் வால் கீழ் வரியின் கொக்கியில் போய் மாட்டிக்கொண்டது, அதைச் சுருட்டி உள்ளே இழுக்க ஒரு மாதம் போயிற்று. எழுத்தைவிட எழுத்துகளுக்கு நடுவிலுள்ள வெள்ளைதான் ஆளைக் கொன்றது. பக்கத்தைத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். எங்காவது கருத்தாலோ வெளுத்தாலோ அங்கே கோளாறு. அப்படிப் பார்ப்பதற்காகப் பக்கங்களை எப்போதும் தலைகீழாகத்தான் தொங்கவிடுவார். நேராக இருந்தால் கண் படிக்கப் போய்விடும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற காரணம்.

சோதனைக்குப் பதிப்பாளர் கொடுத்தது, அந்த எழுத்தில் முதலில் வரப்போகிற நாவலின் கைப்பிரதி. எழுதியவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவருடைய போன நாவலை மொட்டை எழுத்தில் போட்டதில், வாசகர்கள் கண் வலிக்கிறது என்று சொல்ல, டீச்சர் பதிப்பாளரை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தார். இந்த முறை எழுத்து எது என்பதில் கடைசி வார்த்தை தன்னுடையதுதான் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட்டார். அவர் தலையாட்டினால் பதிப்பகத்தின் எல்லா நாவலுக்கும் இந்த எழுத்து. ஆட்டாவிட்டால் இருக்கிற ஏதோ ஓர் எழுத்தில் அச்சேறிவிடும், இரண்டு வருட வேலை மேஜை இழுப்பறைக்குப் போகும். இந்த இரண்டு வருடத்தில் புத்தக எழுத்து கேட்டு வேறு யாரும் கதவைத் தட்டவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பதிப்பாளர் டீச்சரை அழைத்து வந்தார். டீச்சர் முட்டி வலிக்காரர், படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு சுவரைப் பார்த்தார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"என் நாவல் ஏன் வௌவால் மாதிரி தொங்குது?"

பூதக்கண்ணாடி காரணத்தைச் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டார். "சரி. அப்போ நேரா வெச்சு எப்போ படிச்சீங்க?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். மனிதருக்குப் புத்தி எங்கே போயிற்றோ. "படிக்காம இருப்பேனா டீச்சர்? பிரமாதமா எழுதியிருக்கீங்க."

"அப்பிடியா? யாரப் பிடிச்சுது?"

எந்தக் கதையிலும் ஓர் அம்மா இருப்பாள் என்ற நம்பிக்கையில் அவர் துணிந்து இறங்கினார். "அந்த அம்மாதான். பிள்ளைங்க மேல அவங்க வெச்சிருக்கிற பாசம் இருக்கே..."

"எந்த அம்மா? அம்மா முதல் வரியிலேயே செத்துட்டா."

பதிப்பாளர் சப்பிக்கொண்டிருந்த மிட்டாயை முழுசாக விழுங்கிவிட்டார். கீழே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பூதக்கண்ணாடிக்குக் காது மடல்கள் சூடேறின. அந்த முதல் வரி ஒரு வருடமாக அவர் மூக்குக்கு நேரே தொங்குகிறது. அதிலுள்ள ஒவ்வொரு கொம்பும் சுழியும் அவருக்கு அத்துப்படி. என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியாது.

"மன்னிச்சுக்குங்க டீச்சர்," என்றார். "பொய் சொல்லிட்டேன். ஒரு வரிகூடப் படிக்கல. நேரா வெச்சாலும் எனக்குப் படிக்க வராது. எழுத்துதான் தெரியுது. ரொம்ப வருஷமா இப்படித்தான்."

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எழுத்து போடறவர் படிக்கமாட்டார்னா எனக்கு வேற ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல."

"ஒரே ஒரு எடம் காட்டிடறேன். பாத்துட்டுப் போங்க."

அவர் கம்பியிலிருந்து நாலைந்து பக்கங்களைக் கழற்றி, நேராகத் திருப்பி, மேஜையில் வரிசையாகப் பரப்பினார். "இந்தப் பக்கம் எனக்குக் கருப்பாவே வந்துச்சு. என் எழுத்துலதான் கோளாறுன்னு நெனச்சு எடைவெளிய மாத்தி மாத்திப் பாத்தேன், போகல. இங்க பாருங்க, இதுவரைக்கும் ஒரே பேச்சு. சின்னச் சின்ன வரி, வலது பக்கம் பூரா வெள்ளை. இந்த எடத்துல பேச்சு நின்னுடுது. பத்தி உடையாம ரெண்டு பக்கம் அடைச்சுக்கிட்டு நிக்குது. அப்புறமும் பேச்சு வருது, ஆனா ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவுல அஞ்சாறு வரி வந்து விழுது. யாரோ யார்கூடவோ பேச்ச விட்டுட்டாங்கன்னு எனக்குத் தோணுச்சு. இது என் கோளாறு இல்ல, டீச்சரோட வேலைன்னு அப்படியே விட்டுட்டேன்."

டீச்சர் மேஜையைப் பார்த்தபடி நின்றார். கைப்பை மெதுவாக நாற்காலிக்குத் திரும்பியது. "அண்ணனும் தங்கச்சியும்," என்றார். "படகு ஓட்றவங்க. அங்கதான் பேச்ச விடறாங்க. எனக்கு ரொம்ப நாள் எடுத்த பக்கம் அது."

இதோடு நிறுத்தியிருக்கலாம். பாராட்டு கிடைத்த தைரியத்தில் அவர் இன்னொரு பக்கத்தைத் தூக்கினார். "இதுல பயங்கர சண்டை நடக்குது இல்லையா? வரிக்கு ஒரு வார்த்தையா வெட்டி வெட்டி வருதே."

"குழந்தைங்க எண்ணி வெளையாடறாங்க," என்றார் டீச்சர். பதிப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை, ஆனால் குரலில் காரம் குறைந்திருந்தது. "உங்களுக்குப் பாக்கத் தெரியுது. ஆனா நான் எழுதினது பாக்கறதுக்கு இல்ல. இந்த எழுத்துல உங்களாலயே படிக்க முடியலைன்னா ஊர்ல வேற யார் படிப்பாங்க? இதே எழுத்துல அடிச்சு, புஸ்தகமா கட்டி, நேரா வெச்சுப் படிங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுங்க. கேள்வி கேப்பேன். பதில் சொன்னீங்கன்னா இந்த எழுத்து. இல்லைன்னா வேற பாத்துக்கறோம்."

கணக்கு டீச்சருக்கு எங்கே போனாலும் பரீட்சைதான். பூதக்கண்ணாடிக்கு இது எழுத்தோடு போகிற பரீட்சையாகத் தோன்றவில்லை. எழுத்து தோற்றுப் போவதுகூடப் பரவாயில்லை, வேறு எழுத்து வரைந்துகொள்ளலாம். தன் கையால் செய்த எழுத்திலேயே தன்னால் படிக்க முடியவில்லை என்று தெரிந்துவிட்டால், இனி இந்த ஜென்மத்தில் புத்தகம் என்பதே கிடையாது என்று அர்த்தம். இவ்வளவு நாளும் அவர் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்காமலே இருந்தார். பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியாதவரைக்கும் ஒரு சமாதானம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு மருந்துக்கடையில் பகல் வேலை. கிளம்புவதற்கு முன் கணவர் முன்னால் வந்து கையை நீட்டினாள். "அந்தக் கண்ணாடியக் குடுங்க."

"அது எதுக்கு?"

"பென்சிலையும் குடுங்க. இல்லைன்னா ஓரத்துல குறி போட ஆரம்பிச்சுடுவீங்க." இரண்டையும் தன் பையில் போட்டுக்கொண்டாள். செருப்பு மாட்டியவள் திரும்பி நின்று, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "வரலைன்னாலும் போகட்டும் விடுங்க. நான் படிச்சுட்டு உங்களுக்குக் கதை சொல்றேன். இப்ப என்ன கெட்டுப் போச்சு."

அவள் போனதும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, சனிக்கிழமை அச்சடித்துக் கட்டிய புத்தகத்தைத் திறந்தார். 'அம்மா செத்த அன்றும் படகு ஓடியது' என்பது முதல் வரி. செ-வின் கொம்பு கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்திருக்கிறதோ என்று பட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் வெறுங்கையாக வந்தது. திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ன்-னின் புள்ளி. மூன்றாம் தடவை ற-வின் வால். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஒன்றும் பிரயோஜனமில்லை, பக்கம் சுவரில் தொங்கிய சாம்பலாகவே இருந்தது. படித்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்று அவரை வேடிக்கை பார்த்தன. தனக்கு அழுகை வருகிறது என்று தெரிந்ததும் ஜன்னலைச் சாத்தினார், தெருவில் யாருமே இல்லாதபோதும்.

ஆனால் சாயங்காலம் கேள்வி இருக்கிறது. படிக்காத பையன் மனப்பாடம் பண்ணுகிற மாதிரி, யார் யார் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனார். அண்ணன் துடுப்பு, தங்கை கயிறு. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றுகிறார்கள். தங்கை அக்கரையிலேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுகிறேன் என்கிறாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே சொல்லவில்லை. அவளும் போகவில்லை. ஒரே படகில், எட்டிய தூரத்தில், ஆளுக்கொரு கோடியில் நின்று, சொல்ல வேண்டியதை எல்லாம் பயணிகள் வழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 'கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்.' 'பாறை வருகிறது என்று அந்த ஆளிடம் சொல்லுங்கள்.'

தினமும் அந்தப் படகில் போகிற மீன்காரி ஒருத்தி வந்தாள். அண்ணன் 'சீக்கிரம் கட்டச் சொல்' என்றால், 'கை வலிக்கப்போகிறது, மெதுவாகக் கட்டும்மா என்கிறார்' என்று தங்கையிடம் சொல்வாள். தங்கை 'கண் தெரியவில்லையாமா' என்றால், 'வெயிலாக இருக்கிறதே, தலைக்குத் துண்டு போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்' என்பாள். அண்ணன் முறைத்துக்கொண்டே துண்டைப் போட்டுக்கொண்டான். பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலி வீட்டில் அந்தச் சிரிப்பு அவருக்கே வித்தியாசமாகக் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அவர் அதைக் கவனிக்கவில்லை. மீன்காரிக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது, அதுதான் இப்போது கவலை. இனி யார் இந்த இரண்டு மூர்க்கங்களுக்கும் நடுவில் நிற்பது?

மேஜையில் வைத்த டீ ஆடை கட்டியது. வெளிச்சம் ஜன்னலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக, நாற்காலியும் அதன் கூடவே நகர்ந்தது. மனைவி வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் பக்கத்தைத் திருப்பினார். "என்னங்க, காலைல வெச்சது அப்படியே இருக்கு?" அவர் தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார், கொஞ்சம் பொறு என்பது போல. படகில் அன்றைக்குப் பயணி ஒருவர்கூட ஏறவில்லை. நடு ஆற்றில் தங்கையின் காலடியில் தண்ணீர் கசிந்து ஏறுகிறது. அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போடுகிறான். சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை இறக்கி வைக்கவும் தோன்றவில்லை.

கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் அவர் போனை எடுத்தார். முகம் சிவந்திருந்தது. மணி அடித்த உடனேயே டீச்சர் எடுத்துவிட்டார். பரீட்சைக்காரர் காத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"படிச்சாச்சா? சரி, முதல் கேள்வி..."

"என்ன டீச்சர் இது? இப்படியா கொண்டுபோய் நிறுத்துவீங்க?" மரியாதையெல்லாம் காற்றில் போயிருந்தது. "அவ அண்ணான்னு ஒரு வார்த்தை கூப்பிடறா. எத்தன வருஷம் கழிச்சுக் கூப்பிடறா! அந்தக் கல்லு மனுஷன் திரும்பினானா இல்லையா? அதச் சொல்லாம முற்றுப்புள்ளி வெச்சா என்ன அர்த்தம்?"

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"திரும்பியிருப்பான். திரும்பாம இருக்கவே முடியாது. அந்த மீன்காரி அவ்வளவு பாடுபட்டிருக்கா, வீணாவா போகும்?" கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். "அவ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தாளா, அதையும் சொல்லல நீங்க."

அந்தப் பக்கம் டீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எனக்கு வேற கேள்வி இல்ல," என்றார். "பதிப்பாளர்கிட்ட நாளைக்குச் சொல்லிடறேன். என் பழைய புஸ்தகங்களையும் இதுலயே போடச் சொல்றேன்."

"எதுல?" என்றார் அவர். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

டீச்சர் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். பூதக்கண்ணாடி கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மெதுவாக, ஒரு பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார். எல்லாம் இருந்தன. ன-வும் ள-வும் துணைக்காலும் தத்தம் பாதங்களை ஊன்றிக்கொண்டு, சமத்தாக, ஒரே சாம்பலாக நின்றன. மீன்காரி படகேறிய இடத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் அவற்றில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

"எழுத்து எப்படி வந்திருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியல," என்றார். கண்ணில் நீர் நிறைந்து, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "சத்தியமா தெரியல. கேளேன், ஒரு மீன்காரி வர்றா..."

"கதையச் சொல்லிடாதீங்க, நான் படிக்கணும்." அவள் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.

"முதல் அத்தியாயம் மட்டும் சொல்றேன். அம்மா செத்துப் போற எடம். அது முதல் வரிதான், சொன்னா ஒண்ணும் குத்தமில்ல," என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னாலேயே போனார்.